பனிக்குட நீர் குறைவு, மிகுதி என்று ஸ்கேன் சொன்னால்: கடைசி மாதங்களுக்கும் பிறந்த குழந்தைக்குமான வழிகாட்டி

கர்ப்பத்தின் எட்டாம், ஒன்பதாம் மாதங்களில் எடுக்கும் ஸ்கேன் அறிக்கை கைக்கு வந்ததும் பெற்றோரின் கண் முதலில் குழந்தையின் எடையைத் தேடும். அடுத்துப் பனிக்குட நீரின் அளவில் போய் நிற்கும். அந்த எண்ணுக்கு அருகில் ‘குறைவு’ என்றோ ‘மிகுதி’ என்றோ எழுதியிருந்தால், மருத்துவரைப் பார்க்கும்வரை வீட்டில் ஒருவருக்கும் நிம்மதி இருப்பதில்லை. அந்த இடைவெளியில் என்ன செய்வது, மருத்துவரிடம் எதைக் கேட்பது, எந்த நிலையில் மறுநாள்வரை காத்திருக்கவே கூடாது, குழந்தை பிறந்த பிறகு எவற்றைக் கவனிப்பது என்பதைச் சொல்வதற்காக இதை எழுதுகிறேன். நேரில் பரிசோதிக்கும் மருத்துவரின் முடிவுக்கு இது மாற்றாகாது. அந்த முடிவு எவற்றைக் கொண்டு எடுக்கப்படுகிறது என்பதைப் புரிந்துகொள்ள உதவும்.

நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது

பனிக்குட நீர் ஒருமுறை நிரம்பி அப்படியே தேங்கிக் கிடப்பதில்லை; ஒவ்வொரு நாளும் சுரந்து, ஒவ்வொரு நாளும் வெளியேறி, புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது. கர்ப்பத்தின் பிற்பாதியில் அதன் பெரும்பகுதி குழந்தையின் சிறுநீர்தான். நிறைமாதக் குழந்தை நாளொன்றுக்கு அரை லிட்டருக்கும் மேல் சிறுநீர் கழிக்கிறது. நுரையீரலில் சுரக்கும் திரவமும் இதனுடன் சேர்கிறது. மறுபக்கம், குழந்தை இந்த நீரை விழுங்கிக்கொண்டே இருக்கிறது. இன்னொரு பங்கு நஞ்சுக்கொடியின் மேற்பரப்பு வழியாகக் குழந்தையின் இரத்தத்துக்கே திரும்பிவிடுகிறது.

இந்த வரவையும் செலவையும் மனத்தில் வைத்துக்கொண்டால் அறிக்கையின் பாதி விளங்கிவிடும். நீர் குறைந்திருந்தால், குழந்தை சிறுநீர் குறைவாகக் கழிக்கிறது அல்லது பனிக்குடத்தில் எங்கோ கசிவு இருக்கிறது. நீர் மிகுந்திருந்தால், சிறுநீர் அதிகமாகச் சேர்கிறது அல்லது குழந்தையால் சரியாக விழுங்க முடியவில்லை. நஞ்சுக்கொடி வழியாக வரும் இரத்தம் போதாதபோது, குழந்தையின் உடல் கிடைக்கும் இரத்தத்தை மூளைக்கும் இதயத்துக்கும் முதலில் அனுப்பிவிடுகிறது. சிறுநீரகத்துக்குப் போகும் பங்கு சுருங்கி, சிறுநீர் குறைந்து, அதன் வழியே பனிக்குட நீரும் குறைகிறது. மருத்துவர்கள் இந்த எண்ணை இவ்வளவு கவனமாகப் பார்ப்பதற்கு இதுவே முதன்மையான காரணம்.

நீரின் அளவு எல்லா வாரங்களிலும் ஒன்றுபோல் இருக்காது. ஏறத்தாழ 34ஆம் வாரத்தில் அது சுமார் 800 மில்லி லிட்டர் என்ற உச்சத்தைத் தொட்டு, 40ஆம் வாரத்தில் 600 அளவுக்கு இறங்கி, நாள் கடந்த கர்ப்பத்தில் மேலும் குறைகிறது. எனவே போன மாதத்தைவிட இந்த மாதம் எண் சற்றுக் குறைந்திருப்பது மட்டுமே கவலைக்குரிய செய்தி ஆகாது.

அறிக்கையைப் படிக்கும் முறை

ஸ்கேனில் நீரை லிட்டர் கணக்கில் அளக்க முடியாது. நீர் தேங்கியிருக்கும் பைகளின் ஆழத்தைத்தான் சென்டிமீட்டரில் அளக்கிறார்கள். இதற்கு இரண்டு முறைகள் உண்டு. முதலாவது, வயிற்றை நான்கு கால்பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் உள்ள ஆழமான பையை அளந்து, நான்கையும் கூட்டுவது, அறிக்கையில் ஏ.எஃப்.ஐ. என்று இருப்பது இந்தக் கூட்டுத்தொகை. பொதுவாக 5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் குறைவு என்றும், 24 அல்லது 25-ஐத் தொட்டால் மிகுதி என்றும் கொள்கிறார்கள். இரண்டாவது, எல்லாவற்றிலும் ஆழமான ஒரே ஒரு பையை மட்டும் அளப்பது. அதில் 2 சென்டிமீட்டருக்குக் கீழே குறைவு, 8-ஐத் தொட்டால் மிகுதி. இரண்டு முறைகளின் எல்லைகளும் வேறு வேறு என்பதால், எந்த முறையில் அளந்தார்கள் என்று பார்க்காமல் எண்ணை மட்டும் படித்துப் பயப்படக் கூடாது. ஒற்றைப் பை முறையில் 4 என்பது இயல்பான அளவு. நான்கின் கூட்டுத்தொகை 4 என்றால் அது குறைவு.

இந்த இடத்தில் என் கருத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். நீர் குறைவா என்ற கேள்விக்கு ஒற்றைப் பை முறையே நம்பத் தகுந்தது. இரண்டு முறைகளையும் ஒப்பிட்ட ஆய்வுகளில், நான்கு பைகளைக் கூட்டும் முறை கூடுதலான பெண்களை ‘நீர் குறைவு’ என்ற பட்டியலில் சேர்த்தது. அதனால் மருந்து கொடுத்து வலியைத் தூண்டிய பிரசவங்கள் பெருகின. ஆனால் பிறந்த குழந்தைகளின் உடல்நிலை அதனால் மேம்படவில்லை. ஆகவே கூட்டுத்தொகை 5-க்குச் சற்றுக் கீழே இருக்கிறது என்று சொல்லப்பட்டால், ஆழமான ஒற்றைப் பையின் அளவு எவ்வளவு என்று தயங்காமல் கேட்கலாம். குழந்தை படுத்திருக்கும் நிலை, ஸ்கேன் கருவியை வயிற்றில் அழுத்தும் விதம், அளப்பவரின் கை ஆகியவற்றைப் பொறுத்தும் எண் மாறும் என்பதால், எல்லையோரத்தில் உள்ள அளவை மீண்டும் ஒருமுறை அளந்து பார்ப்பது முறையான வேண்டுகோளே.

நீரின் எண்ணை எப்போதும் அதன் துணைச் செய்திகளோடு சேர்த்துப் படிக்க வேண்டும். கர்ப்பம் சரியாக எத்தனையாவது வாரம்? குழந்தையின் எடை அந்த வாரத்துக்கு ஏற்றதாக வளர்ந்துவருகிறதா? தொப்புள்கொடியில் இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் முடிவு எப்படி இருக்கிறது? சிறுநீரகங்களும் சிறுநீர்ப்பையும் தெரிகின்றனவா? இரைப்பையில் நீர்க்குமிழி தெரிகிறதா? தலை கீழே இருக்கிறதா? வளர்ச்சியும் டாப்ளரும் குழந்தையின் அசைவும் நன்றாக இருக்கும்போது காணப்படும் சிறிய குறைவும், வளர்ச்சி நின்றுபோன குழந்தையிடம் காணப்படும் அதே அளவு குறைவும் ஒன்றல்ல. பின்னது அவசரமானது.

நீர் குறைவு என்றால்

முதலில் தீர்க்க வேண்டிய ஐயம் கசிவு. எல்லாருக்கும் பனிக்குடம் உடைந்து நீர் பெருக்கெடுப்பதில்லை. சிலருக்கு மெல்லிய ஈரமாக மட்டும் கசியும், அதைச் சிறுநீர் என்றோ வெள்ளைப்படுதல் என்றோ நினைத்துவிடுவார்கள். ஐயம் இருந்தால் சிறுநீர்ப்பையைக் காலி செய்துவிட்டு, சுத்தமான ஒரு நாப்கினை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் படுத்திருந்து, பிறகு எழுந்து நின்று பாருங்கள். எழுந்தவுடன் நாப்கின் நனைந்து, அந்த ஈரம் சிறுநீர் வாடையின்றித் தெளிவாகவோ இளமஞ்சளாகவோ இருந்தால், கசிவு என்றே எடுத்துக்கொண்டு அந்த நாப்கினையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். இடையில் உடலுறவு கூடாது. பிறப்புறுப்புக்குள் எதையும் வைக்கக் கூடாது. மருத்துவமனையிலும் முதலில் கிருமி நீக்கிய கருவியைக் கொண்டு கண்ணால் பார்த்துத்தான் உறுதி செய்வார்கள். தேவையின்றி விரலால் சோதிப்பது தொற்றுக்கு வழி செய்யும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது மருந்துகள். இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலி நிவாரணிகள் குழந்தையின் சிறுநீரகச் செயல்பாட்டைத் தாழ்த்தி நீரைக் குறைக்கக்கூடியவை. 20 வாரத்துக்குப் பிறகு இவற்றைத் தவிர்க்கும்படி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2020-ல் எச்சரித்தது. இரத்த அழுத்தத்துக்காகச் சிலர் முன்பிருந்தே எடுத்துவரும் எனலாப்ரில், ராமிப்ரில், லோசார்ட்டன் வகை மாத்திரைகளும் அப்படியே. ஆனால் மருத்துவர் எழுதிக் கொடுத்த குறைந்த அளவு ஆஸ்பிரின் இந்த எச்சரிக்கையில் சேராது; அதைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. எந்த மாத்திரையாக இருந்தாலும், இருமலுக்கும் மூட்டுவலிக்கும் கடையில் வாங்கியது உட்பட, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் காட்டுவதே பாதுகாப்பு.

தண்ணீர் குடித்தால் நீர் கூடுமா என்று கேட்காத குடும்பம் இல்லை. ஓரளவு கூடும் என்பதே நேர்மையான விடை. ஸ்கேனுக்கு முன் ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஏறத்தாழ 2 லிட்டர் தண்ணீர் குடித்த பெண்களிடம் அளவு உயர்ந்ததைச் சிறு ஆய்வுகள் காட்டியுள்ளன. சாதாரண உப்புக் கரைசலை நரம்பில் ஏற்றியபோது அந்த உயர்வு காணப்படவில்லை. எனவே வாயால் குடிக்க முடிகிறவர் ‘டிரிப்ஸ்’ ஏற்றிக்கொள்ள அவசரப்பட வேண்டியதில்லை. இதயம், சிறுநீரகக் கோளாறோ, இரத்த அழுத்தத்துடன் கூடிய வீக்கமோ உள்ளவர் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் இப்படிக் குடிக்கக் கூடாது. உடலில் நீர் வற்றியதால் வந்த குறைவைத்தான் தண்ணீர் சரிசெய்யும். கசிவையோ, தளர்ந்துபோன நஞ்சுக்கொடியையோ, குழந்தையின் சிறுநீர்ப் பாதை அடைப்பையோ அது சரிசெய்யாது. தண்ணீர் குடித்துப் பார்த்துவிட்டு அடுத்த வாரம் போகலாம் என்று மறு ஸ்கேனைத் தள்ளிப்போடுவதுதான் இதில் நேரக்கூடிய பெரிய தவறு. ஒருக்களித்துப் படுப்பது நல்லது. நாள் முழுவதும் படுக்கையிலேயே கிடப்பதால் நன்மை இல்லை, காலில் இரத்தம் உறையும் அபாயம் மட்டும் கூடும்.

வீட்டிலிருந்தபடியே செய்யக்கூடியவற்றில் மிக மதிப்புள்ளது குழந்தையின் அசைவைக் கவனிப்பது. தினமும் குழந்தை நன்றாகத் துடிக்கும் ஒரு வேளையைத் தேர்ந்துகொண்டு, ஒருக்களித்துப் படுத்து, வேறு வேலையில் மனம் செலுத்தாமல் எண்ணுங்கள். உதைப்பது, புரள்வது, அசைவது எல்லாம் கணக்கில் சேரும். இரண்டு மணி நேரத்துக்குள் 10 அசைவுகள் வர வேண்டும். பெரும்பாலும் அதற்கு வெகு முன்பாகவே வந்துவிடும். வராவிட்டாலோ, எண்ணிக்கை சரியாக இருந்தும் வழக்கத்தைவிட அசைவு மங்கிவிட்டதாக உங்களுக்குத் தோன்றினாலோ, அந்த நேரமே கிளம்ப வேண்டும். இரவாயிற்றே, மருத்துவரைத் தொந்தரவு செய்யலாமா என்ற தயக்கத்துக்கு இதில் இடமே இல்லை. கடைசி மாதத்தில் இடம் குறைவதால் அசைவு குறைவது இயல்புதான் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அசைவின் தன்மை சற்று மாறலாமே தவிர, அசைவு குறையக் கூடாது.

மருத்துவமனையில் வாரம் ஒரு முறையோ இரு முறையோ குழந்தையின் இதயத் துடிப்பைத் தாளில் பதிவு செய்யும் என்.எஸ்.டி. பரிசோதனையும் டாப்ளரும் நடக்கும். மூச்சசைவு, உடலசைவு, தசையிறுக்கம், நீர், துடிப்புப் பதிவு ஆகிய ஐந்துக்கும் இரண்டிரண்டு மதிப்பெண் தந்து பத்துக்குக் கணக்கிடுவதும் உண்டு. அதில் 8 வந்தால் பொதுவாக ஆறுதலான முடிவு. ஆனால் குறைந்த அந்த இரண்டு மதிப்பெண் நீருக்கானதாக இருந்தால், 8 என்றாலும் மேற்கொண்டு ஆராய வேண்டும்.

வேறு கோளாறு எதுவும் இல்லாமல் ஒற்றைப் பை 2-க்குக் கீழே இருந்தால், 36 வாரம் முடிந்ததற்கும் 38 வாரம் முடிவதற்கும் இடையில் பிரசவத்தை நடத்துவது பரவலான வழக்கம். வளர்ச்சிக் குறைவோ டாப்ளர் கோளாறோ இருந்தால் இன்னும் முன்பே முடிவெடுக்க நேரலாம். 34 வாரத்துக்கு முன் என்றால் குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்குத் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். நீர் குறைவு என்ற ஒரே காரணத்துக்காக அறுவை சிகிச்சை கட்டாயமாகிவிடாது. வலியில் தொப்புள்கொடி நசுங்கித் துடிப்பு இறங்கக்கூடும் என்பதால், துடிப்பைத் தொடர்ந்து கவனித்தபடி இயல்பான பிரசவத்துக்கு முயலலாம். வேண்டியபோது உடனே அறுவை சிகிச்சை செய்யும் வசதி அங்கே இருப்பது அவசியம்.

நீர் மிகுதி என்றால்

இலேசான மிகுதி உள்ளவர்களில் பெரும்பாலோரிடம் எவ்வளவு தேடினாலும் காரணம் அகப்படாது. அவர்களுடைய குழந்தைகளில் பெரும்பாலோர் நலமாகவே பிறக்கிறார்கள். ஆனாலும் தேடியாக வேண்டும். தாயின் சர்க்கரை முதலில். முன்பு செய்த சோதனை சரியாக இருந்தாலும் இப்போது மீண்டும் செய்துகொள்ளலாம். அடுத்து, குழந்தையின் உணவுக்குழாய், குடல், இதயம், மூளை, முகம் ஆகியவற்றைப் பார்க்கும் விரிவான ஸ்கேன். இரத்தச் சோகை, தொற்று, தாய் சேய் இரத்தப் பிரிவு முரண் ஆகியவற்றையும் மருத்துவர் கருதுவார். மிகுதி கடுமையானதாக ஆக, அதாவது கூட்டுத்தொகை 35-ஐ நெருங்கவோ தாண்டவோ செய்யும்போது, காரணம் ஒன்று இருப்பதற்கான வாய்ப்பும் கூடுகிறது.

தண்ணீர் குடிப்பதைக் குறைத்தால் இது குறையாது. அப்படிக் குறைப்பது தாய்க்குக் கெடுதி. சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது மட்டுமே வீட்டில் செய்யத்தக்க உண்மையான மருந்து. மூச்சு வாங்கினால் தலையையும் முதுகையும் உயர்த்தி ஒருக்களித்துப் படுக்கலாம். படுத்தால் மூச்சுவிட முடியவில்லை, வயிறு நாளுக்கு நாள் இறுகுகிறது என்றால் காத்திருக்கக் கூடாது. அத்தகைய கடுமையான நிலையில் மெல்லிய ஊசியால் நீரை மெதுவாக வெளியேற்றுவதும் உண்டு. காரணம் தெரியாத இலேசான மிகுதிக்காக மட்டும் 39 வாரத்துக்கு முன் பிரசவத்தைத் தூண்ட வேண்டியதில்லை.

இவர்களின் வீட்டில் எல்லாரும் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நீர் மிகுந்த வயிற்றில் குழந்தையின் தலை இடுப்பெலும்புக்குள் இறங்காமல் மிதந்துகொண்டிருக்கும். அந்நிலையில் பனிக்குடம் உடைந்தால், வேகமாக வரும் நீரோடு தொப்புள்கொடியும் நழுவி வெளியே வந்துவிடலாம். கொடி வெளியே தெரிந்தாலோ, பிறப்புறுப்பில் கயிறுபோல் ஏதோ தட்டுப்பட்டாலோ, தாய் உடனே முழங்கால்களையும் மார்பையும் தரையில் ஊன்றி, இடுப்பை உயர்த்திக் குப்புற இருக்க வேண்டும். கொடியைக் கையாளவோ உள்ளே தள்ளவோ கூடாது. ஆம்புலன்ஸில் ஏற்றும்போது இடுப்புக்கடியில் தலையணை வைத்து இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைக்கலாம். இது நிமிடங்களில் தீர்மானமாகும் காரியம். மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டே கிளம்பினால் அறுவை அரங்கு தயாராக இருக்கும்.

அளவுக்கு மீறி விரிந்த கருப்பை பிரசவத்துக்குப் பின் சுருங்கத் தாமதித்து இரத்தப்போக்கு மிகும் வாய்ப்பும் உள்ளது. எனவே இரத்தம் ஏற்றும் வசதியுள்ள இடத்தில் பிரசவம் பார்ப்பதே சரி.

நீரின் அளவு எப்படி இருந்தாலும், நீர் பச்சையாகவோ பழுப்பாகவோ வந்தால், இரத்தம் கலந்திருந்தால், நாற்றமோ காய்ச்சலோ இருந்தால், வயிறு தளராமல் கல்போல் இறுகி வலித்தால், தலைவலியோடு கண் மங்கினால், 37 வாரத்துக்கு முன்பே விட்டுவிட்டு வலி வந்தால், அடுத்த சந்திப்பு நாளைப் பார்க்காமல் உடனே போக வேண்டும்.

பிரசவ அறையில் சொல்ல வேண்டியவை

கர்ப்ப காலத்தில் பார்த்த மருத்துவர் ஒருவர், குழந்தையைக் கையில் வாங்கும் மருத்துவர் வேறொருவர் என்பது சாதாரணமாக நடப்பது. அதனால் நீர் குறித்த செய்தி இடையில் தொலைந்துவிடாமல் சேர்ப்பிப்பது குடும்பத்தின் வேலையும் ஆகிறது. எந்த வாரத்தில் எவ்வளவு நீர் இருந்தது, பனிக்குடம் எத்தனை மணிக்கு உடைந்தது, நீரின் நிறம் என்ன, தாய்க்குச் சர்க்கரை உண்டா, சிறுநீரகம் பற்றி ஸ்கேனில் ஏதேனும் குறிப்பு இருந்ததா என்ற ஐந்தையும் குழந்தை மருத்துவரிடம் நேரடியாகச் சொல்லுங்கள்.

நீர் மிகுந்திருந்த குழந்தைக்கு, முதல் பால் கொடுப்பதற்கு முன் உணவுக்குழாய் திறந்திருக்கிறதா என்று மெல்லிய குழாயொன்றை இரைப்பைவரை செலுத்திப் பார்க்க வேண்டுமா எனக் கேளுங்கள். வாயில் நுரை நுரையாக எச்சில் வழிந்துகொண்டே இருப்பதும், பால் குடித்தவுடன் புரையேறி நீலம் பாரிப்பதும் உணவுக்குழாய் அடைப்பின் அறிகுறிகள். உடனே பால் கொடுப்பதை நிறுத்தி மருத்துவரை அழைக்க வேண்டும். பச்சை நிற வாந்தி எந்த நேரத்தில் வந்தாலும் குடல் அடைப்பாக இருக்கக்கூடிய அவசர நிலை.

நீர் குறைந்திருந்த குழந்தை எடை குறைந்து பிறக்கக்கூடும். அந்த உடலில் சேமிப்பு குறைவு. பிறந்தவுடன் துடைத்து, தாயின் மார்போடு தோலோடு தோலாகச் சேர்த்து வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் தொடங்கி, இரண்டு மூன்று மணிக்கொரு முறை கொடுத்துவந்தால் உடற்சூடும் இரத்தச் சர்க்கரையும் தாழாமல் இருக்கும். எடை குறைந்த குழந்தைக்கும், சர்க்கரை உள்ள தாயின் குழந்தைக்கும் முதல் நாளில் குதிகாலில் ஒரு துளி எடுத்துச் சர்க்கரை பார்ப்பது வழக்கம். நடுக்கமும், எழுப்பினாலும் எழாத சோர்வும் சர்க்கரை தாழ்வைக் காட்டலாம்.

கடைசி வாரங்களில் நீர் குறைந்ததால் நுரையீரல் வளராமல் போயிருக்குமோ என்று பெற்றோர் அஞ்சுவதுண்டு. அந்த ஆபத்து முக்கியமாக 24 வாரத்துக்கு முன்பே நீர் வற்றிவிட்ட கர்ப்பங்களுக்கு உரியது. கடைசி வாரங்களில் கவனிக்க வேண்டியது, நீரில் மலம் கலந்து அதைக் குழந்தை மூச்சோடு இழுத்துவிடுவது. நன்றாக அழுது மூச்சுவிடும் குழந்தைக்கு, நீர் பச்சையாக இருந்தது என்பதற்காக மட்டும் தொண்டைக்குள் குழாய் விட்டு உறிஞ்ச வேண்டியதில்லை. மூச்சைக் கவனித்தால் போதும். நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சு, விலாவுக்கு அடியில் உள்ளிழுப்பு, முனகல் ஆகியவை தெரிந்தால் உடனே சொல்ல வேண்டும். பனிக்குடம் உடைந்து 18 மணி நேரத்துக்கு மேல் ஆகிப் பிறந்த குழந்தையைத் தொற்றுக்காக ஒன்றிரண்டு நாட்கள் கூர்ந்து பார்க்க வேண்டும் என்பதால், உடனே வீட்டுக்கு அனுப்பும்படி வற்புறுத்தக் கூடாது.

நெருக்கத்தில் வளர்ந்த குழந்தையின் பாதம் உட்புறமாக மடங்கியிருக்கலாம். விரலால் மெல்லத் தள்ளினால் நேராகிவிடுகிற பாதம் பெரும்பாலும் தானாகச் சரியாகும். நேராகாத பாதத்தையும், இடுப்பு மூட்டுகளையும் மருத்துவர் சோதித்துப் பார்க்க வேண்டும்.

வீட்டுக்கு வந்த பின் ஈரத் துணிகளை எண்ணுங்கள். முதல் சிறுநீர் 24 மணி நேரத்துக்குள் வந்துவிட வேண்டும். பிறகு எண்ணிக்கை நாளுக்கு நாள் கூடி, ஐந்தாம் நாளிலிருந்து ஆறு அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். பால் குடிக்க மறுத்தல், உடல் சூடாகவோ சில்லென்றோ இருத்தல், முதல் 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிதல் ஆகியவற்றுக்குக் காத்திருப்பு இல்லை.

பிறப்பதற்கு முன் சிறுநீரக வீக்கமோ அடைப்போ ஐயப்படப்பட்டிருந்தால், பிறந்த பிறகு ஸ்கேன் எடுக்கும் நாளை முன்பே கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு நாட்களில் குழந்தைக்குச் சிறுநீர் குறைவாகவே சுரப்பதால் வீக்கம் இருந்தும் தெரியாமல் போகலாம். அதனால்தான் சாதாரணமாக 48 மணி நேரம் கழித்து எடுக்கிறார்கள். ஆண் குழந்தையின் சிறுநீர் சொட்டுச் சொட்டாக வந்தாலோ, நீர் மிகவும் குறைந்திருந்து இரண்டு சிறுநீரகங்களிலும் வீக்கம் காணப்பட்டிருந்தாலோ அதுவரை பொறுக்காமல் முன்பே எடுக்க வேண்டும். முதல் ஸ்கேனில் கோளாறு எதுவும் தென்படவில்லை என்றாலும், சில வாரங்கள் கழித்து எடுக்கச் சொல்லும் இரண்டாவது ஸ்கேனுக்குக் குழந்தையைக் கட்டாயம் கொண்டுபோக வேண்டும்; கர்ப்ப கால அறிக்கைகளையும் அன்று கையில் எடுத்துச் செல்லுங்கள்.